தறிக்கூடத்தில் சொன்ன கவிதை

தேநீர்க் கோப்பைகளை ஒதுக்கிவிட்டு மார்த்தா நாற்காலியை விளக்கருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையிரண்டையும் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு, "ம், ஆரம்பி" என்று மகளைப் பார்த்துத் தலையசைத்தாள். செலினா நீல அட்டை போட்ட புத்தகத்தைப் பிரித்தாள். குரல் எழுப்பாமல், உதட்டை அகல விரித்தும் குவித்தும், ஒவ்வொரு சொல்லாக வாசிக்கத் தொடங்கினாள். கணப்பின் மேல் பலகையில், போரில் செத்தவர்களின் வீட்டுக்கு அரசாங்கம் அனுப்பிவைத்த வெண்கலத் தகட்டுக்குப் பக்கத்தில், மகன் ஜேபஸ் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

மார்த்தாவுக்குக் காது போய் ரொம்ப காலமாகிறது. ஹேக்கன்ஷா என்கிற அந்த நெசவாலை ஊரில் அது ஒரு சேதியே இல்லை. தறிக்கூடத்தில் நின்று தலை நரைத்தவர்களில் காது மிச்சம் உள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நானூறு தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? நெசவுக்காரப் பெண்கள் உதட்டாலேயே பேசப் பழகிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், மேஸ்திரி குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்பதையும், யார் வீட்டுக்காரன் யாரோடு போனான் என்பதையும் தறிக்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு சத்தமில்லாமல் சொல்லிவிடுவார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத மார்த்தாவுக்கு மகன் எழுதிய புத்தகம் மகளின் உதட்டு வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

*அழவேண்டாம் அன்னையே, அரும்பணி முடித்தேன்;*
*மலரணைமேல் மகிழ்வோடு துயில்கின்றேன் யான்.*
*கல்லில் என் பெயர்பொறித்துக் காத்திடுக நாடே!*

மார்த்தாவின் கண் நிறைந்தது. "மலரணை" என்று தானும் ஒருமுறை உதடசைத்துப் பார்த்துக்கொண்டாள். "எம்புள்ள நோவு நொடியில்லாமத்தான் போயிருக்கான், பாரு" என்றாள். காது கேளாதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில், அடுத்த வீட்டுக்கே கேட்கும்படி.

செலினா அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். ஒரு சொல், ஒரே ஒரு சொல்கூட அவன் எழுதியதில்லை அது. மலரணையாம்! ஜேபஸ் ஆயுசில் எந்தப் பூவைப் பற்றியாவது எழுதியிருப்பானா? பேன் கடிப்பதைப் பற்றி எழுதினான். சேற்றில் முழங்கால் வரை நின்று அழுகிப்போன பாதங்களைப் பற்றி எழுதினான். 'யான்' என்று அவன் தன்னைச் சொல்லிக்கொண்டதாகக் கேள்விப்பட்டால் ஆலையே சிரித்திருக்கும். பன்னிரண்டு வயதில் அரைநாள் பள்ளிக்கூடம், அரைநாள் ஆலை என்று வந்த பையன். இருபது வயதில் பிரான்சில் போய்ச் செத்தான். அவன் பெயரை அட்டையில் போட்டு, உள்ளே இன்னொருத்தர் தன் சரக்கை அடைத்து விற்றிருக்கிறார். அந்தப் பொய்யை ஞாயிறு தவறாமல் தன் உதட்டால் அம்மாவுக்கு ஊட்டுவது செலினாவின் வேலையாகிப்போனது.

அந்த இன்னொருத்தர் வேறு யாருமில்லை, ஆலை முதலாளி ஹெஸ்கெத்தான். ஞாயிறு பள்ளியின் நூலகமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஜேபஸுக்குப் புத்தகம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நன்றியில்தான் பையன் போர்முனையிலிருந்து கவிதைகளை அவருக்கு அனுப்பினான். அவன் செத்த மறுவருஷம் புத்தகம் வந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவருக்கு அவல் கிடைத்த கதைதான். லண்டன் பத்திரிகைகள் 'ஆலையில் கூவிய குயில்' என்று எழுதின. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகட்டி நின்று மனப்பாடமாக ஒப்பித்தார்கள். மூலத் தாள்களைக் கேட்டு செலினா அவர் வீட்டு வாசலுக்குப் போனபோது, "பென்சில் எழுத்தும்மா, எல்லாம் சேறு. நல்லபடியா பிரதி எடுத்துட்டு அடுப்புல போட்டுட்டேன்" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது சதுக்கத்தில் நினைவுக்கல் எழும்பியிருந்தது. போர் நின்ற நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி திறப்பு. அதற்கு முந்தின வாரம் ஹெஸ்கெத் தறிக்கூடத்துக்கே வந்து, செலினாவைக் கைகாட்டி வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்தார்.

"ரெண்டு நிமிஷ மௌனம் முடிஞ்சதும் நீதான் மேடையில கவிதை படிக்கணும், செலினா. கூடப்பிறந்தவ படிச்சா உருக்கமா இருக்கும். லண்டன்லேர்ந்து பத்திரிகைக்காரங்க வர்றாங்க."

"அது அவன் எழுதினது இல்லீங்க ஐயா."

அவர் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "கொஞ்சம் திருத்தினேன், ஒத்துக்கறேன். அவன் எழுதினபடியே போட்டிருந்தா உங்கம்மா தாங்குவாங்களா? யோசிச்சுப் பாரு. ஊருக்கு இப்ப வேண்டியது ஆறுதல், பொண்ணே. காயத்தைக் கிளறக் கூடாது."

"காயம் யாரோடதுங்க?" என்று நாக்கு நுனிவரை வந்தது. அவருடைய இரண்டு பிள்ளைகளும் போர் முடியும்வரை ஆலை அலுவலகத்தில் பத்திரமாக உட்கார்ந்து, காயக்கட்டுத் துணிக்கு ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தவர்கள்.

"நாலு தறியும் நல்லா ஓடுதில்ல?" என்றார் அவர், ரொம்பப் பிரியமாக.

"ஓடுதுங்க."

"நல்லது." உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பொம்பளைங்க எப்பப் பாரு எதையோ மென்னுக்கிட்டே இருக்காங்களே, என்னதான் அது?"

முப்பது வருஷம் ஆலை நடத்திய மனுஷன். ஒருநாளாவது அந்த உதடுகள் என்ன சொல்கின்றன என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. அவரைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போனது ஒருவகையில் அவருக்கே நல்லது.

செலினா தறிக்குத் திரும்பி, ஊடுநூலைச் சுமந்து ஓடும் நாடாவின் துளையில் வாயை வைத்து நூலை உறிஞ்சி இழுத்தாள். நூல் அறுந்தது. எதிர்வரிசையிலிருந்து நெல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லியின் புருஷன் ஜேபஸோடு ஒரே ரயிலில் போனவன். அவன் பெயரும் அந்தக் கல்லில் இருக்கிறது.

"என்னடி சொல்றான் கிழவன்?" என்று நெல்லியின் உதடு கேட்டது.

"மேடையில அந்தக் குப்பையைப் படிக்கணுமாம்."

"படிப்பியா?"

"தறி நாலும் நல்லா ஓடுதான்னு கேட்டான்."

"ஓநாய், ஆடு நனையுதேன்னு அழுவுது!" நெல்லி தரையில் துப்பினாள். "ஜேபஸ் இங்க நின்னு சொன்னதை மறந்துட்டியா? நான் மறக்கலை. இந்த வரிசையில ஒருத்தி மறக்கலை."

"எங்கம்மாவுக்குத் தெரியாதுடி. அது மலரணைன்னு நினைச்சுத்தான் தூங்குது."

நெல்லி தறியை மறுபடி ஓட விட்டாள்.

மறக்கிற விஷயமா அது? கடைசி விடுப்பில் வந்தபோது ஜேபஸ் வீட்டில் வாயே திறக்கவில்லை. அம்மா சுட்டுவைத்த உருளைக்கிழங்குப் பணியாரத்தைக் கூடத் தின்னாமல் கிளறிக்கொண்டே இருந்தான். மறுநாள் காக்கி உடுப்போடு தறிக்கூடத்துக்கு வந்து செலினாவின் தறிகளுக்கு நடுவே நின்றான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா. வீட்ல வேணாம், அம்மா உதட்டைப் படிச்சிடும்" என்றான். அப்புறம் அந்தப் பேரிரைச்சலுக்குள் நின்று, உதட்டால் சொன்னான். அவளுக்கென்றுதான் ஆரம்பித்தான். எதிர்வரிசை பார்த்தது. அதற்கடுத்த வரிசை திரும்பியது. யாரோ ஒருத்தி ஏப்ரன் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். நூல் அறுந்த தறிகளை அன்றைக்கு யாரும் உடனே கவனிக்கவில்லை. மேஸ்திரி வந்தான், அவனும் தறிக்கூடத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே, ஒரு நிமிஷம் நின்று படித்துவிட்டு, பேசாமல் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டான். நாளைக்கு ரயிலேறப்போகிற பையன், யார் கையிலும் தாள் இல்லாமல், யார் காதிலும் ஒரு ஒலி விழாமல், தன் கவிதையை ஊருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதைத் திருத்தத்தான் யாராலும் முடியவில்லை.

திறப்பு நாளன்று பனி மூடியிருந்தது. ஆலை நின்றதால் ஊருக்கே காது அடைத்ததுபோல் இருந்தது. மரச்செருப்புச் சத்தம் வேண்டாமென்று பெண்களெல்லாம் இரவல் ஷூக்களைக் கூட மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள். மார்த்தா கறுப்புக் கோட்டில் ஜேபஸின் பதக்கத்தைக் குத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் சால்வை போர்த்திய நெசவுக்காரிகள், சதுக்கம் கொள்ளாமல்.

ஹெஸ்கெத் பேசினார். எட்டு வருஷம் முன்னால் சதுக்கத்தின் இதே படிக்கட்டில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவே நின்று, "போய்ட்டு வாங்கப்பா, உங்க தறி உங்களுக்காகக் காத்திருக்கும்" என்று அனுப்பிவைத்த அதே வாய். துணி விலகியது. கல்லில் பெயர்கள். அவற்றுக்கு மேலே, பொன் பூசிய எழுத்தில், *கல்லில் என் பெயர்பொறித்துக் காத்திடுக நாடே.* கீழே ஜேபஸின் பெயர்.

அதை இங்கே வெட்டப்போகிறார்கள் என்று செலினாவிடம் யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் போட்டார்கள், பிள்ளைகள் வாயில் போட்டார்கள், இனி மழைக்கும் வெயிலுக்கும் நூறு வருஷம் அவன் பெயரில் இந்தப் பொய் நிற்கும். பாவிகளா! செத்தவன் வந்து கேட்க மாட்டான் என்கிற தைரியம்தானே? நீலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டாள். அம்மா அவளைப் பார்த்துப் பெருமையோடு தலையசைத்தாள், ஞாயிற்றுக்கிழமை அசைப்பதுபோலவே.

ஆலைச் சங்கு ஊதியது. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மௌனம் தொடங்கியது.

மேடையில் எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினார்கள். பாதிரியார், நகரத் தலைவர், ஹெஸ்கெத், அவருடைய இரண்டு பிள்ளைகள். செலினா குனியவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். தறிக்கூடத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய இடம். அங்கே இரைச்சல், இங்கே மௌனம். உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நாளைக்குத் தறி இருக்குமோ இருக்காதோ என்ற நினைப்பு ஒருதரம் வந்துபோனது. அம்மாவின் முகம்தான் தடுத்தது. அந்த நிம்மதியைப் பிடுங்க இவள் யார்? ஆனால் அந்த நிம்மதியை விற்ற ஆள் பக்கத்தில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறானே, அவன் யார்?

அவள் உதடு பிரிந்தது.

*பேண்டு அடிச்சு எங்களை வழியனுப்பி வெச்சீங்க,*
*தறி காத்திருக்கும்னு சத்தியம் செஞ்சீங்க.*

நெல்லியின் தலை நிமிர்ந்தது. அவள் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக.

*நிறுத்தாதீங்க ஐயா, தறியை நிறுத்தாதீங்க,*
*எங்களைப் போர்த்தத் துணி இன்னும் எட்டலை.*

இப்போது அவள் தனியாகச் சொல்லவில்லை. நெல்லி சொன்னாள். மேஸ்திரி, தொப்பியை மார்பில் வைத்தபடி, சொன்னான். பனிக்குள் நூற்றுக்கணக்கான உதடுகள் ஒன்றாக விரிந்து குவிந்தன, வாய்க்கு வாய் வெள்ளை மூச்சு கிளம்பியது. ஒரு சிறு சத்தமில்லை. லண்டன் நிருபர்கள் குறிப்பேட்டை மூடி, கண்ணை மூடி, மரியாதையாக நின்றிருந்தார்கள்.

*எங்க பேரைக் கல்லுல வெட்டாதீங்க,*
*கல்லைப் பாத்தா எங்கம்மா நம்பிடுவா.*

மார்த்தாவின் முகத்தைப் பார்க்க செலினாவுக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் பார்த்தாள். தலையசைப்பு நின்றுபோயிருந்தது. கிழவி ஒருதரம் திரும்பி, பின்னால் இருந்த அத்தனை வாய்களையும் பார்த்தாள். அப்புறம் கல்லை, அதில் மினுங்கிய பொன்னெழுத்தை, அவளுக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்தை, ரொம்ப நேரம் பார்த்தாள். கை மெல்ல ஏறிக் கோட்டிலிருந்த பதக்கத்தை இறுக்கிப் பிடித்தது.

உலகத்திலேயே பெரிய குரல் உள்ள கிழவி அவள். இப்போது கத்தினால் சதுக்கமே அதிரும். அவள் கத்தவில்லை. மகளை நேருக்கு நேர் பார்த்து, தறிக்கூடத்துக்காரி தறிக்கூடத்துக்காரியிடம் கேட்பதுபோல, உதட்டை மட்டும் அசைத்தாள்.

"எம்புள்ளை சொன்னதா?"

செலினா தலையசைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு. மெதுவா."

மௌனம் முடிந்ததென்று சொல்லும் சங்கு இன்னும் ஊதவில்லை. ஹெஸ்கெத் கண்ணை இறுக மூடி, தலைகுனிந்து நின்றிருந்தார். செலினாவின் கையிலிருந்த புத்தகம் மூடிக்கொண்டது. சதுக்கத்திலுள்ள உதடுகளெல்லாம் முதல் வரிக்குத் திரும்பின, முன்வரிசையில் ஒன்று மட்டும் ஒரு சொல் பின்தங்கி, கற்றுக்கொண்டே வந்தது.