பதினேழு வேகத்தடைகள்

திங்கட்கிழமை காலை நட்டு பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோதே தெருமுனையில் அந்த உறுமல் கேட்டது. தூக்கத்தில் கேட்டாலும் அவனுக்கு அடையாளம் தெரியும். புகைக்குழாயை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பற்றவைத்து அவனே உண்டாக்கிய சத்தம் அது.

சின்ன வயதில் மின்விசிறி, தையல் மெஷின் என்று வீட்டில் எதையும் விட்டுவைக்காமல் கழற்றிப் போட்டதால் வந்த பெயர் நட்டு. நாற்பது வயதாகி, சொந்தமாகப் பட்டறை வைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. "கழட்டத் தெரிஞ்சவன்" என்று அக்காவின் கணவரான மாமா பெருமையாகச் சொல்வார். "கழண்டவன்" என்று அக்கா திருத்துவாள்.

கார் உள்ளே வந்து நின்றது. பார்த்தால் பரம சாதுவான குடும்பக் கார். கூரை கடைசி வரை நீண்டு, ஐந்து பேரும் அவர்கள் மூட்டை முடிச்சும் தாராளமாக ஏறக்கூடிய வேகன். முன்மூடியைத் திறந்தால்தான் விஷயம் தெரியும். ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின். மாமாவும் நட்டுவும் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தாரை வார்த்திருந்தார்கள். தரையோடு தரையாக இறக்கிய ஸ்பிரிங்குகள், கல்லுப் போன்ற ஷாக் அப்சார்பர்கள், பெரிய சக்கரத்தைச் சுற்றிப் பேருக்கு ஒரு டயர், விலா எலும்பைக் கவ்விப் பிடிக்கும் பந்தய இருக்கைகள்.

அக்கா கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து இறங்கினாள். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். லிஃப்ட் பழுது பார்க்கிற மாமா போன வருஷம் வேலையின்போது ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் இரண்டு கம்பி, ஆறு திருகாணி. அதிலிருந்து இந்தக் காருக்கு அக்காதான் டிரைவர்.

"என்னக்கா, ஆயில் மாத்தணுமா?"

"ஆயில் மாத்தத்தான் போறேன்னு உங்க மாமாகிட்ட சொல்லிட்டு வந்தேன். நீ இதை ஒரு சாதாரண காரா மாத்திக் குடு."

"சாதாரணம்னா?"

"காய்கறி வாங்கப் போற மாதிரி. ஆபீஸ் போற மாதிரி. சத்தம் போடாம, குதிக்காம, ஒரு மனுஷன் உள்ள உட்காந்து போற மாதிரி."

பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து மூக்கு சரியில்லை என்று யாரோ சொன்னதுபோல் நட்டுவுக்குச் சுருக்கென்றது. "அக்கா, இது வெறும் கார் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன். இது கார் இல்ல. காரா மாத்திக் குடு."

"மாமாவுக்குத் தெரியாம நான் கை வைக்கமாட்டேன்."

"வைக்காதே. ஏறி என் பக்கத்துல உட்காரு."

"நான் ஆயிரம் தடவை ஓட்டின வண்டி அக்கா இது."

"ஓட்டியிருக்கே. உட்காந்திருக்கியா?"

நட்டு டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். யோசித்துப் பார்த்தால் ஒரு தடவைகூட இல்லை. எப்போதும் ஸ்டீயரிங் அவன் கையில்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்தான்.

வாரத்துக்கு மூன்று நாள் மாமாவை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போகிற பாதையிலேயே அக்கா ஓட்டினாள். மொத்தம் ஆறு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் முதல் வேகத்தடை. அக்கா நடக்கிற வேகத்துக்குத்தான் குறைத்தாள். ஆனாலும் முன்சக்கரம் இறங்கியபோது இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரு குத்து ஏறியது. பின்சக்கரம் இன்னொரு குத்து விட்டது.

"ஒண்ணு," என்றாள் அக்கா. "இதுக்குப் பத்தடி முன்னாடியே உங்க மாமா பேச்சை நிறுத்திடுவார். கை கதவைப் பிடிச்சுக்கும். தாண்டினதும் மெதுவா மூச்சு விடுவார். விட்ட இடத்துலேருந்து பேச ஆரம்பிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். இப்பல்லாம் ஏறினதுலேருந்து பேசறதே இல்ல."

"வலிக்குதுன்னு சொல்வாரா?"

"உங்க மாமாவா? ரோடு சரியில்லன்னு சொல்வார்."

ஸ்டீயரிங் பிடிப்பவன் மேடு வருவதைப் பார்த்து உடம்பைத் தயார் செய்துகொள்கிறான். பக்கத்தில் இருப்பவன் வாங்கிக்கொள்ள மட்டும்தான் முடியும். இந்தச் சின்ன விஷயம் இத்தனை வருஷம் கார்களோடு புரண்ட தனக்கு எப்படி உறைக்காமல் போனது என்று நட்டு யோசித்துக்கொண்டே வந்தான். பதினேழாவது தடையைத் தாண்டியபோது அவனுடைய நல்ல முதுகே அவனைத் திட்டியது.

பொய் சொல்லிக் காரை வாங்கி வைத்துக்கொள்ள அவனுக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனான். மாமா சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், நேரான முதுகுள்ள மர நாற்காலியில், இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். நட்டு சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னான்.

"எனக்கு ஒண்ணும் வலிக்கல," என்றார் மாமா. "கார் நல்லாத்தான் இருக்கு. ரோடுதான்..."

"மாமா."

மாமா மேசையின் விளிம்பை விரலால் தேய்த்தார். "இங்க பாருடா. அது அப்படியே நின்னா, என்னைக்காவது ஒருநாள் நான் ஏறி ஓட்டுவேன்னு ஒரு இது இருக்கு. அதைப் பிரிச்சு வேற மாதிரி பண்ணிட்டா, இனிமே ஓட்டமாட்டேன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அது வேணாம்."

சமையலறை வாசலில் நின்றிருந்த அக்கா உள்ளே வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க என்னைக்காவது ஓட்டப்போற கார். சரி. நான் தினம் ஓட்டற கார். என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

புடவையைச் சற்றுத் தூக்கி இடது முழங்காலைக் காட்டினாள். அது வலது முழங்காலைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, பளபளவென்று வீங்கியிருந்தது. "கிளச்சு. சிக்னல்ல நாலு தடவை மிதிச்சாப் போதும், ராத்திரி பூரா தெறிக்கும். நான் ஐஸ் வெச்சுக் கட்டறது நீங்க தூங்கினதுக்கப்புறம்."

மாமா அந்த முழங்காலையே பார்த்தார். அது எவ்வளவு கனமான கிளச்சு என்று அவருக்குத் தெரியாதா? கடையில் இருந்ததிலேயே கெட்டியானதாகத் தேடி வாங்கியவர் அவர்தான்.

"எப்பலேருந்து?"

"ஆறு மாசமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

மாமா அந்த முழங்காலிலிருந்து கண்ணை எடுத்து நட்டுவைப் பார்த்து, "கிளச்சை மட்டும் மாத்து," என்றார்.

"கிளச்சை இறக்கணும்னா ஸ்பிரிங்கையும் கழட்டியாகணும் மாமா."

"அண்டப்புளுகு."

"ஆமா மாமா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவின் வாயோரமும் லேசாக அசைந்தது. "சரி, செய். ஆனா நான் பக்கத்துல இருப்பேன். நீ தனியா விட்டா அதை மெத்தையா ஆக்கிடுவே."

மறுநாளிலிருந்து மாமாவின் மர நாற்காலி பட்டறைக்கு இடம் மாறியது. காலையில் அக்கா வாடகைக் காரில் கொண்டுவந்து விட்டுப் போவாள், மத்தியானம் வந்து கூட்டிப்போவாள். விழுந்த பிறகு சிகிச்சைக்குத் தவிர அவர் வீட்டை விட்டுக் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

வேகமான காரை இன்னும் வேகமாக்குவது எப்படி என்பது நட்டுவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எஞ்சினில் ஏற்றிய குதிரைத்திறனை அளக்க இயந்திரம் உண்டு. சௌகரியத்தை அளக்க எதுவும் இல்லை. மிருதுவான ஸ்பிரிங், மிருதுவான ஷாக் அப்சார்பர், சின்னச் சக்கரத்தில் தடித்த டயர் என்று போட்டான். சக்கரத்தை அவன் நினைத்த அளவுக்குச் சின்னதாக்க முடியவில்லை, உள்ளே இருந்த பெரிய பிரேக் இடித்தது. "பிரேக்கைத் தொடாதே. ஓட்டறது உங்க அக்கா," என்றார் மாமா. எனவே நினைத்ததைவிட ஒரு அளவு பெரிய சக்கரமே இருந்துவிட்டது.

நாலாம் நாள் அவரை உட்காரவைத்து மெதுவாக ஒரு சுற்றுப் போனான். மேடுகளில் வண்டி பூப்போல ஏறி இறங்கியது. ஆனால் திருப்பத்தில் படகு மாதிரி சாய்ந்தது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்து, நிறுத்து. குத்தினாக்கூடத் தாங்கிக்கலாம். முறுக்கினா தாங்க முடியல."

நட்டு பயந்துபோனான். இறக்கி, தண்ணீர் கொடுத்து, "விட்டுடலாம் மாமா," என்றான்.

மாமா கண்ணை மூடி மூச்சு வாங்கினார். பிறகு திறந்து, "பேப்பர் பென்சில் எடு," என்றார். "லிஃப்ட்ல நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? பெட்டி மேல கீழ போறது ஒரு கணக்கு, பக்கவாட்டுல ஆடறது வேற கணக்கு. ரெண்டையும் ஒரே ஸ்பிரிங்கு தலையில கட்டக்கூடாது."

ஸ்பிரிங்கை மிருதுவாகவே விட்டுவிட்டு, சாய்வைத் தடுக்கிற குறுக்குக் கம்பியைத் தடிமனாக்கினார்கள். இணைப்புகளில் இருந்த இறுக்கமான பிளாஸ்டிக் வளையங்களைப் பிடுங்கிவிட்டு ரப்பர் போட்டார்கள். ஷாக் அப்சார்பரின் திருகை அரைச் சுற்று கூட்டுவதா, கால் சுற்று கூட்டுவதா என்று ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டார்கள். மாமாவின் முதுகுதான் மீட்டர். "இன்னும் கால் சுத்து கம்மி," "இல்ல, பழசே தேவலாம்," என்று அவர் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, நட்டு எழுதிக்கொண்டான். தனக்கு வலிக்கிறது என்பதை அவர் அப்போதுதான், அந்த வேலையின் சாக்கில், முதல்முறையாகத் தாராளமாகச் சொன்னார்.

புகைக்குழாயில் முறையான சைலன்சரைப் பொருத்தியபோது மட்டும் மாமா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். சைலன்சர் ஏறி முடிந்ததும், "இப்ப அது தொண்டை கட்டின சிங்கம்," என்றார்.

பதினோராம் நாள் சிகிச்சைக்குப் போகும் நேரத்துக்கு அக்கா வந்தாள். கார் முன்பைவிட நாலு விரல் உயரமாக, ஏதோ ஒரு வீட்டின் ஏதோ ஒரு கார் மாதிரி நின்றது. அக்கா புதுக் கிளச்சை ஒருமுறை மிதித்துப் பார்த்தாள், இன்னொரு முறை மிதித்தாள். தம்பியின் தலைமுடியைக் கலைத்துவிட்டாள். மாமா அவள் பக்கத்தில், மறுபடி பொருத்தியிருந்த, காரோடு வந்த பழைய துணி இருக்கையில் உட்கார்ந்தார். நட்டு பின்னால் ஏறினான்.

கிளம்பியதும் மாமா ஒரு கதையை ஆரம்பித்தார். ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட, உள்ளே ஒரு கல்யாணத் தரகரும், அவர் முந்தின மாசம் பொய் சொல்லிக் கல்யாணம் முடித்துவைத்த மாப்பிள்ளையும் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட கதை. மாமா மேலிருந்து கயிற்றைச் சரிசெய்துகொண்டே அத்தனையையும் கேட்டாராம்.

பள்ளிக்கூடம் வந்தது. நட்டு பின்னாலிருந்து மாமாவின் கையைப் பார்த்தான். தரகரின் குரலை நடித்துக் காட்டுவதற்காக அது அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி ஏறி இறங்கியது. தரகர் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாவது, மூன்றாவது. மாப்பிள்ளை கத்தத் தொடங்கினான். அக்கா கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள், உடனே பார்வையை ரோட்டுக்குக் கொண்டுபோனாள். மூச்சு விட்டால்கூட அந்தப் பேச்சு கலைந்துவிடுமோ என்பதுபோல் இருவரும் அசையாமல் வந்தார்கள்.

சிகிச்சை நிலையத்தின் வாசலில் கதை முடிந்தது. மாமா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, சிரிக்கவே இல்ல? நல்லா இல்லையா?"

"நல்லா இருந்துச்சு," என்றாள் அக்கா. "திரும்பிப் போறப்ப இன்னொரு தடவை சொல்லுங்க."

திரும்பும்போது மாமா அந்தக் கதையைச் சொல்லவில்லை. பயிற்சியில் களைத்திருந்தார். ஜன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தவரின் தலை, பாதி தூரத்தில் மெல்லச் சாய்ந்தது. நட்டு பதறி முன்னால் குனிந்தான். அக்கா உதட்டில் விரல் வைத்தாள். மாமா தூங்கிப்போயிருந்தார்.

வீட்டுத் தெரு வந்தது. அக்கா திரும்பவில்லை. வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல், தெருமுனையைத் தாண்டி நேராகப் போனாள். நட்டுவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பட்டறையில் யாரோ காத்திருந்தார்கள். அவன் அதை அணைத்துவிட்டு, பின் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.