மாத்திரை டப்பாவின் இடம்

"வீடா இது, குப்பைமேடா?" என்று மாமியார் வருஷக்கணக்கில் என்னை வறுத்தெடுத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் என் மானத்தை வாங்கினார். நானும் வெறுத்துப்போய் எதையும் எடுத்துவைப்பதையே விட்டுவிட்டேன்.

இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. எனக்குப் பழைய சுறுசுறுப்பு திரும்பிவிட்டது. காலையில் எழுந்ததும் அலமாரியைக் காலிசெய்து, துடைத்து, புதிதாக அடுக்குகிறேன். நாற்காலிகளையும் நகர்த்திப் போடுகிறேன்.

"உனக்கும் பொறுப்பு வந்துடுச்சே!" என்று வீட்டுக்காரர் பூரித்துப்போகிறார்.

இன்று மாமியார், முழங்காலில் ரத்தம் கசிய, சுவரைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மாத்திரை டப்பா எங்கம்மா இருக்கு?"

முதன்முறையாக என்னை 'அம்மா' என்கிறார்.

"எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு, அத்தை. எடம்தான் தெனமும் மாறும்."