சரோஜினியின் இடுப்பு

மூன்றாவது குடம் தண்ணீரை ஊற்றும்போது, பெஞ்சின் மேல் கிடந்த சரோஜினி இடது பக்கமாகச் சரிந்தாள். பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளை இழுத்து நேராகப் படுக்க வைத்தார்கள். கையை எடுத்ததும் மறுபடியும் சரிந்தாள்.

"அவள நேராக்க முடியாது, வுடுங்க" என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள். பம்மலில் அந்தத் தெருவில் யார் செத்தாலும் குளிப்பாட்ட முதல் ஆளாக வந்து நிற்பவள் அவள். "உசுரோட கீறப்பவே நேரா நின்னதில்ல. இப்பவா நிக்கப் போறா? அந்தப் பக்கம் துணிய சுருட்டி அண்ட குடுங்க."

பிறகு குடத்தோடு நின்ற தங்கை ஜெயக்கொடியைப் பார்த்து, "எல்லாம் உன்னத் தூக்கித் தூக்கி வந்த கோணல்டி" என்றாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. தெருவுக்கே தெரிந்த சங்கதிதான். பல்லாவரத்து டாக்டர் ஒருமுறை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் பிறவிக் கோளாறு என்று சொன்னார். தெரு அதை ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், தங்கச்சியைத் தூக்கி வளர்த்ததை அவரா பார்த்தார் என்றது.

சரோஜினிக்கு ஒன்பது வயதாகும்போது பிறந்தவள் ஜெயக்கொடி. "இதோ வந்துடறேன், பாப்பாவப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா களையெடுக்கப் போவாள். அவளுடைய இதோ முடிவதற்குப் பொழுது சாய்ந்துவிடும். இறக்கிவிட்டால் பாப்பா அலறும் என்பதால் சரோஜினி இறக்கிவிடுவதில்லை. ஒருநாள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். வாத்தியார் இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அனுப்பினார். நாலாம் வகுப்பு அதோடு சரி. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி நின்று நின்று, பாப்பா வளர்ந்து ஓடியாட ஆரம்பித்த பிறகும் அப்படியே நின்றாள், அப்படியே நடந்தாள். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை சம்பத் கம்பம்போல நிற்கிறார். பக்கத்தில் சரோஜினி, இடுப்பில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நிற்கிறாள்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. நேற்றுச் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எழுந்திருக்கவில்லை.

ஜெயக்கொடி நாலாவது குடத்தை ஊற்றினாள். மார்பு கனக்க ஆரம்பித்திருந்தது. கைக்குழந்தைக்குக் கடைசியாகப் பால் கொடுத்தது காலை ஏழு மணிக்கு. இப்போது பத்து.

காலையில் செம்பாக்கத்தில் ஜெயக்கொடியின் வீட்டுக்கு ஆள் வந்து செய்தி சொன்னபோது மகள் லோகு பள்ளிக்கூடத்துக்குத் தலைபின்னிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்பு, பத்து வயது. அவளுக்குப் பிறகு ஒன்பதரை வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு, தட்சிணாமூர்த்தி பிறந்தான். அவனுக்கு ஏழு மாதம்.

"நானும் வரேம்மா" என்றாள் லோகு. பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர்.

"கைக்கொழந்தய சாவு வூட்டுக்குத் தூக்கினு போவக் கூடாதுடி. நீ இருந்து இவனப் பாத்துக்கோ. பத்தரைக்கு எடுத்துடுவாங்களாம். பன்னண்டுக்குள்ள நான் வந்துடுவேன்."

"இன்னிக்கு கணக்கு டெஸ்ட்டு."

"பெரியம்மா செத்துப் போயிட்டாங்கடி. டெஸ்ட்டா முக்கியம்?"

லோகு பாதி பின்னிய ஜடையை முடிந்துகொண்டாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது லீவு. முதல் லீவு ஜெயக்கொடி ரேஷன் கடை வரிசையில் நின்றபோது, இரண்டாவது லீவு வீட்டுக்குத் தளம் போட ஆட்கள் வந்தபோது. செம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் புதிதாகப் பிரித்த மனைகளில் அவர்கள் வீடு ஒன்றுதான் எழும்பியிருந்தது. பக்கத்து மனை அஸ்திவாரக் கல்லோடு நிற்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. வீட்டைச் சுற்றிலும் ஜல்லி, செங்கல், மூடாத சுண்ணாம்புத் தொட்டி.

பாட்டிலில் பாலை ஊற்றி வைத்துவிட்டு ஜெயக்கொடி சொன்னாள்: "தவழ்ந்து வெளிய போயிடுவான். நான் வர்றவரைக்கும் கீழ வுடாத. தெரிஞ்சுதா?"

லோகு தம்பியை இடது இடுப்பில் ஏற்றிக்கொண்டு தலையாட்டினாள்.

குளிப்பாட்டி முடித்ததும், சரோஜினிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை ஜெயக்கொடிதான் போர்த்தினாள். பிறந்த வீடு என்று சொல்ல இப்போது மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்து, தலை நிறையக் கதம்பம் சுற்றினார்கள். பாடை தயாராக இருந்தது. லாரி க்ளீனரான மகன் சிட்டிபாபு நெல்லூர்ப் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தான். எங்கே தேடியும் கிடைக்காததால், சம்பத்தே கொள்ளி வைப்பதென்று ராத்திரியே பேசி வைத்திருந்தார்கள்.

எடுக்கப் போகிற நேரத்தில் லாரி ஆபீசிலிருந்து ஆள் ஓடி வந்தான். டிரங்க் கால் கிடைத்துவிட்டது, சிட்டிபாபு கூடூரிலிருந்து புறப்பட்டுவிட்டான், நாலு மணிக்குள் வந்துவிடுவான்.

"மவன் வரட்டும்" என்றார் சம்பத். அதை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? ஐஸ் கட்டி வாங்கிவர இரண்டு பேர் சைக்கிளில் கிளம்பினார்கள். கூட்டம் மறுபடி உட்கார்ந்தது.

ஜெயக்கொடி உட்காரவில்லை. வாசலில் ஆண்களோடு நின்ற புருஷனைக் கண்ணால் கூப்பிட்டாள். பொன்னுரங்கம் சந்துக்குள் வந்தான்.

"இன்னாங்க, நாலு மணின்றாங்க. அப்புறம் எடுத்து, தல முழுகி, நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள ஆறாயிடும். கொழந்தைங்க தனியா கீதுங்க."

"அதுக்கு?"

"நான் போயி பால் குடுத்துட்டு..."

"நீ குடுத்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள மவன் வந்துட்டா எடுத்துடுவாங்க. அப்புறம் கூடப்பொறந்தவ எங்கன்னு கேப்பாங்க, நான் இன்னா பதில் சொல்றது?" அவன் கோபமாகப் பேசவில்லை, நடக்கக்கூடியதைத்தான் சொன்னான். "பாட்டில்ல பால் கீதில்ல? லோகு பாத்துப்பா. அவ பெரிய பொண்ணு."

நியாயமாகத்தான் இருந்தது. ஜெயக்கொடி உள்ளே போய் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

பதினொன்று, பன்னிரண்டு. ஐஸ் கட்டிகளுக்கு மேல் உமியைத் தூவினார்கள். புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஜெயக்கொடியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கட்டிக்கொள்ளும்போதெல்லாம் மார்பு வலித்தது. பாட்டில் பால் இந்நேரம் தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் திரிந்திருக்கும். சுண்ணாம்புத் தொட்டி மேல் பலகை போட்டு மூடச் சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாளாக ஏன் மூடவில்லை?

அழுகைக்கு நடுவில் அவளுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, சரோஜினிக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, ஜெயக்கொடிக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் தினமும் ஸ்கூல் கேட்டுக்கு வருவாள். கூடப் படித்த பெண்கள் அந்த நடையை நடந்து காட்டிச் சிரித்தார்கள். "ஸ்கூலாண்ட வராதக்கா" என்று ஜெயக்கொடி சொன்னாள். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில், பஸ்ஸுக்கு நிற்கிறவள்போல, தூக்குச்சட்டியோடு நின்றாள். ஜெயக்கொடி ரோட்டைத் தாண்டிப் போய் வாங்கிக்கொள்வாள். இரண்டு வருஷம் அப்படியே வாங்கிச் சாப்பிட்டு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். இப்போது அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நினைக்கையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு மணிக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லின் மறைவில், பாலைப் பீய்ச்சித் தண்ணீர் போகிற வாய்க்காலில் விட்டாள். குடம் எடுக்க வந்த அஞ்சம்மாள் பார்த்துவிட்டாள்.

"பால் கட்டிக்கிச்சா? கொழந்தய ஆரு பாத்துக்கறா?"

"லோகு."

"அப்ப இன்னாத்துக்குக் கவலப்படற? அன்னிக்கு உன் வூட்டுக்கு வந்தப்ப பாத்தனே. தம்பிய இடுப்புல ஏத்துனான்னா இறக்கறதே இல்ல. அச்சு அசலா நம்ம சரோஜாவேதான்." அஞ்சம்மாள் ஆறுதலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜெயக்கொடி கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் லோகு தலையாட்டியது கண்ணில் வந்தது. எந்த இடுப்பு? இடது இடுப்பு, அக்கா சரிந்த பக்கம். அவளுக்கு பயமாக இருந்தது.

உள்ளே போய் முறத்திலிருந்து ஒரு பிடி வாய்க்கரிசி எடுத்தாள். "ஏய், இப்பப் போடக் கூடாது" என்று ஒரு கிழவி தடுத்தாள். "மவன் போட்டப்புறந்தான் மத்தவங்க." ஜெயக்கொடி அரிசியைத் திருப்பி முறத்திலேயே போட்டாள். கோடிப் புடவைக்கு மேல், அண்டக் கொடுத்திருந்த பக்கம், அக்காவின் இடுப்பில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தாள். ஐஸால் அது சில்லிட்டிருந்தது.

பிறகு கொல்லையில் பம்பை அடித்து, கட்டிய புடவையோடு தலைக்கு ஊற்றிக்கொண்டு, பிழிந்துவிட்டு, சந்து வழியாக வாசலுக்கு வந்தாள். சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது இன்றைக்கு வசதியாகப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பொன்னுரங்கம் அவசரமாக எழுந்து வந்தான்.

"ஜெயா, இன்னா இது? எடுக்கறதுக்கு முன்னாடியே..."

"கேட்டா, போயிட்டான்னு சொல்லுங்க."

சந்து முனையில் சம்பத் கால் நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரத் தலையோடு வருகிறவளை நிமிர்ந்து பார்த்தார். கால்களை மடக்கி வழிவிட்டார்.

பல்லாவரத்துக்கு பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு ரயில். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஈரப் புடவையைப் பார்த்து நகர்ந்துகொண்டாள். மறுபடியும் பால் வழிந்தது. ஈரத்தில் ஈரம் தெரியவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் அரைமணி நேரம் பஸ் வரவில்லை. வந்த பஸ்ஸில் ஏறிச் செம்பாக்கத்தில் இறங்கியதும், மனைகளுக்கு நடுவே மண் பாதையில் முக்கால் ஓட்டமாக நடந்தாள். அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே போனாள். கேட்கவில்லை. மிச்ச தூரத்தை ஓடினாள்.

லோகு வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். தட்சிணாமூர்த்தி அவள் இடுப்பில், தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரில் ஆணியில் மாட்டிய கணக்கு நோட்டைப் போகும்போதும் வரும்போதும் பார்த்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"பன்னண்டுன்னு சொன்னியேம்மா" என்றாள். அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"பால் குடிச்சானா?"

"பாதி குடிச்சான். மீதி திரிஞ்சி போச்சு. அப்புறம் சக்கரத் தண்ணி குடுத்தேன். ரொம்ப அழுதான். நடந்தா அழல. பாய்ல போட்டா எழுந்துக்கறான்."

"நீ இன்னா சாப்பிட்ட?"

"எப்படிம்மா சாப்பிடறது? கீழ வுடாதன்னியே."

"ஒன்னுக்குப் போனியா?"

லோகு தலையை ஆட்டினாள். போகவில்லை.

ஜெயக்கொடி குழந்தையை வாங்கினாள். லோகுவின் இடது கை மடங்கின இடத்திலேயே நின்றது. வலது கையால் அதைப் பிடித்து மெதுவாக நீட்டிவிட்டுக்கொண்டாள்.

"பெரியம்மாவ எடுத்துட்டாங்களா?"

"இல்ல."

லோகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஜெயக்கொடி சுவரோரமாக உட்கார்ந்து பால் கொடுத்தாள். தட்சிணாமூர்த்தி கண்ணைத் திறக்காமலே குடித்தான். வலி மெல்ல இறங்கியது. அப்போதுதான் அவளுக்கு நிஜமாக அழுகை வந்தது. லோகு பார்க்கிறாளே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு டெஸ்ட்டுக்குப் போ" என்றாள்.

"டெஸ்ட்டு இன்னிக்கிதாம்மா."

சொல்லிவிட்டு லோகு பின்பக்கத்து ஓலைத் தட்டியை நோக்கி வேகமாகப் போனாள். இடுப்பில் யாரும் இல்லை. ஆனாலும் இடுப்பு இடது பக்கம் தள்ளியிருந்தது, உடம்பு வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"லோகு, நேரா நட."

அவள் நின்று திரும்பினாள். "நேராதாம்மா நடக்கறேன்."

நாலு மணி ஆகியிருக்கும். சிட்டிபாபு வந்திருந்தால் பம்மலில் இப்போது எடுத்திருப்பார்கள். ஜெயக்கொடி எழுந்து, வாசல்படிக்குக் குறுக்கே ஒரு பலகையைச் சாய்த்து அடைத்தாள். தரையைக் கையால் தடவி, கிடந்த இரண்டு ஜல்லிக் கற்களைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். பிறகு குழந்தையைக் கீழே விட்டாள்.

அவன் ஒரு கணம் திகைத்துப் பார்த்தான். அப்புறம் முகம் சிவக்கக் கத்த ஆரம்பித்தான். பின்பக்கமிருந்து லோகு பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து குனிந்தாள்.

"வுடு" என்றாள் ஜெயக்கொடி.

"அழறாம்மா."

"அழட்டும். நீ போயி சோறு போட்டுத் துன்னு."

லோகு நிமிர்ந்தாள். ஆனால் போகவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவளாய், காலடியில் கத்துகிற தம்பியைப் பார்த்தபடி, இடுப்பைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.