ஆபிரிக்காவைச் சுற்றிவந்த பம்பு

1967 ஆனி மாதம், அனலைதீவுக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கிய இன்னாசித்தம்பியின் மோட்டர் வள்ளம் நின்றுபோனது. எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்ப் பம்பு வெடித்துவிட்டது. இங்கிலாந்து எஞ்சின், பம்பும் அங்கிருந்துதான் வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் எஞ்சின் சாமான் விற்கும் செல்வரத்தினம் ஆறு கிழமை தவணை சொன்னார்.

ஏழாவது கிழமை இன்னாசித்தம்பி பாய்வள்ளத்தில் கடல் கடந்து, பஸ் பிடித்து, கடைக்குப் போய் நின்றான்.

"சுயஸ் கால்வாயை அடைச்சுப்போட்டாங்கள் இன்னாசி. அங்கை சண்டையெல்லே? கப்பல் ஆபிரிக்காவைச் சுத்தி வருது."

"அண்ணை, நான் கேட்டது பம்பு. நீங்கள் பூமிசாத்திரம் படிப்பிக்கிறியள்."

"நான் என்ன செய்ய? கால்வாயை நானே அடைச்சனான்?"

அடுத்த முறை போனபோது, கப்பல் கொழும்புக்கு வந்துவிட்டது, ஆனால் துறைமுகத்தில் இடமில்லாமல் வெளிக்கடலில் நிற்கிறது என்றார். அதற்கடுத்த முறை, இறக்கியாயிற்று, சுங்கத்தில் கிடக்கிறது என்றார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு முழுநாள் போனது. ஊரிலோ வழியில் கண்டவரெல்லாம், "கப்பல் எங்கையாம் வருது?" என்று கேட்டார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புரட்டாதியில் மனைவி ஜசிந்தாவின் தங்கை, நிறைமாதமாயிருந்த கத்தரீனாவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. ஊர்காவற்துறை ஆசுபத்திரிக்குப் பாய்வள்ளத்தில் ஏற்றினார்கள். பாதிக் கடலில் காற்று விழுந்தது. இன்னாசித்தம்பி உள்ளங்கை கிழியத் துடுப்பு வலித்தான். ஆனாலும் கரை எட்டுமுன், ஜசிந்தாவின் கைகளில் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரத்தம் நிற்காமல் போன தாய்தான் எட்டு நாள் கட்டிலில் கிடந்து பிழைத்தாள்.

ஐப்பசியில் பெட்டி வந்தது. கடையிலேயே உடைத்துப் பார்த்தான். பம்பு வேறு எஞ்சினுடையது. இரண்டு மடங்கு பெரிது.

"திருப்பி அனுப்புவம்," என்றார் செல்வரத்தினம் மெல்லிய குரலில். "நாலு மாசத்துக்குள்ளை..."

"விசர்க் கதை கதையாதேங்கோ அண்ணை! கடலுக்கை பிள்ளை பிறந்தது தெரியுமே உங்களுக்கு?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு லேத் பட்டறையின் சத்தம் கேட்டது. பெரிய பம்பைக் கடைந்து சிறிதாக்க ஏலுமோ என்ற நப்பாசையில் உள்ளே நுழைந்தான். பட்டறைக்கார அப்புத்துரை அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"இது சரிவராது. பழசு எங்கை?"

ஒத்துப்பார்க்கவென்று கொண்டுவந்திருந்த வெடித்த பம்பு பையில்தான் இருந்தது. அதை இப்படியும் அப்படியும் புரட்டி அளந்தார்.

"பித்தளையிலை செய்து தாறன். நாளையிண்டைக்கு வாரும்."

சொன்னபடி இரண்டாம் நாளே செய்தும் கொடுத்தார். எஞ்சின் முதல் இழுவையிலேயே பிடித்து, தண்ணீரைச் சீராகத் துப்பியது. இறங்குதுறையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இன்னாசித்தம்பி சிரிக்கவில்லை. நேரே வீட்டுக்குப் போய்க் குசினி வாசலில் குந்தினான்.

"என்ன, எஞ்சின் ஓடேல்லையே?" என்றாள் ஜசிந்தா.

"ஓடுது. இரண்டு நாள் வேலையடி. இரண்டே இரண்டு நாள்! ஆனியிலையே கொண்டு வந்திருக்கலாமே எண்டு அந்தப் பட்டறைக்கார மனிசன் கேக்குது."

அவள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். "அப்ப இவ்வளவு நாளும் ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"நான் ஒருத்தரையும் கேக்கேல்லை," என்றான் அவன்.