மூத்தவளின் பங்கு

பீளமேட்டு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலை, மாமியார் பங்காரம்மா ஒரு டம்ளர் பாலை நீட்டியபோது, கோமளா தனக்குத்தான் என்று நினைத்து வாங்கிக்கொண்டாள். பல்லடத்தில் பிறந்த வீட்டில் அவளை யாரும் இப்படி உபசரித்ததில்லை.

"குடிச்சுப்போடாதே அம்மணி. இது மூத்தவளோட பங்கு. ஹாலுல இருக்கற தொட்டியில ஊத்திட்டுத்தான் நீ வாயில தண்ணி வெக்கோணும்."

ஜன்னலோரம் பெரிய சிமெண்டுத் தொட்டியில் ஆள் உயரத்துக்கு நின்றது அந்த மரம். ஆல மரத்து வகைதானாம். ஆனால் இலையெல்லாம் சின்னது. கிளைகள் தலை கவிழ்ந்து தொங்கும். குன்னூரில் ஒரு துரை சீமைக்குப் புறப்படும்போது கன்றாக விற்றதை, கணவரின் முதல் மனைவி, மூத்தவள் லட்சுமியம்மாள் ஆசைப்பட்டு வாங்கி, மலை இறங்கும்வரை காரில் மடியிலேயே வைத்திருந்தாளாம். மூன்றாம் வருஷம் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டாந்தாரமாக வந்தவள் மூத்தவளுக்குப் படைக்காமல் எதையும் தொடக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் உள்ள வழக்கம்தான். போட்டோவுக்கு முன்னால் வைத்து எடுத்திருந்தால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை. பங்காரம்மாவுக்குப் போட்டோ போதவில்லை. செத்த மருமகள் மரத்துக்குள்ளேதான் இருக்கிறாள் என்று தீர்மானம் பண்ணிவிட்டாள். தீர்மானம் பண்ணினபின் அவளிடம் யார் பேச முடியும்?

கோமளா தினமும் ஊற்றினாள். இரண்டே மாதத்தில் தொட்டி மண் புளித்து நாறியது. ஈ மொய்த்தது. இலைகள் மஞ்சளாகி, காற்றே இல்லாமல் உதிர்ந்தன.

"மனசோட ஊத்துனா ஏன் உதிருது?" என்றாள் பங்காரம்மா, யாரையும் பார்க்காமல்.

மாமியார் பேச்சைப் பொறுத்துக்கொள்ளலாம். கணவர் சுந்தரராஜுலுவைத்தான் கோமளாவால் பார்க்க முடியவில்லை. மோட்டார் பம்புப் பட்டறையிலிருந்து சாயங்காலம் வந்ததும் மரத்தின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். விழுந்த இலைகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவளிடம் பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. ஒருநாள், "இந்த மரமும் போயிருச்சுன்னா..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போனார். மீதியைக் கோமளாவே முடித்துக்கொண்டாள். மரம் போனால் மூத்தவளை இரண்டாம் தடவை சாகடித்தவள் அவள்தான். பிறகு அந்த வீட்டில் அவளுக்கு என்ன இடம் இருக்கும்?

மல்லிகைப் பந்தலைக் கிளை கழித்துக் கவ்வாத்துப் பண்ண வந்த தோட்டக்காரர் திருமலைசாமியை உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அவர் நகத்தால் பட்டையை லேசாகக் கீறினார். வெள்ளையாகப் பால் துளிர்த்தது.

"உசுரு இருக்குதுங்கம்மா. ஆனா பாலை ஊத்துனா வேரு அழுகாம என்னங்க பண்ணும்? மண்ணை நான் மாத்திக் குடுத்தர்றனுங்க. அப்பறம் விரலை உட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்துங்க. எடத்தை மட்டும் மாத்தாதீங்க. மாத்துனா கோவிச்சுட்டு இருக்கற இலையும் கொட்டிப்போடும்."

கோமளா அதை மாமியாரிடம் அப்படியே சொன்னாள்.

"செத்தவளுக்கு ஒரு டம்ளர் பாலு பொறுக்கலியா உனக்கு?"

பங்காரம்மா மருதமலைக்குப் போயிருந்த அன்று திருமலைசாமி வந்து மண்ணை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் காலை கோமளா டம்ளரோடு மரத்தின் முன் நின்றாள். ஊற்றினால் மரம் சாகும். வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் மாமியார் கண்ணில் படும். கிளைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, "அக்கா, மன்னிச்சுக்கங்க" என்று முணுமுணுத்துவிட்டு மடமடவென்று குடித்தாள். தொண்டையில் இறங்கியது பால் மாதிரியே இல்லை.

ஒன்றரை மாதத்தில் கிளை நுனிகளெல்லாம் இளம்பச்சையாகத் துளிர்விட்டன. பங்காரம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். கோமளா ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். துடைக்கும்போது அக்காவிடம் பிறந்த வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். சுந்தரராஜுலு ஒரு ராத்திரி, "நீ சாப்பிட்டயா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

மார்கழியில் ஒருநாள் பட்டறைக்குப் புறப்பட்டவர் மூக்குக் கண்ணாடியை மறந்து திரும்பி வந்தார். டம்ளர் அவள் உதட்டில் இருந்தது.

"அவ பங்கைக் குடிக்கறயா?"

"வேரு அழுகுதுங்க... ஊத்துனா செத்துப்போயிருமுங்க... அதனாலதானுங்க..."

அவர் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். சத்தம் கேட்டு வந்த பங்காரம்மா பேசவேண்டியதையெல்லாம் பேசினாள். திருமலைசாமியை இனி வாசல் மிதிக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். மறுநாளிலிருந்து சுந்தரராஜுலு தானே பால் ஊற்றினார். விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து இரண்டு டம்ளர். "ஊத்தாதீங்க" என்று கோமளா இரண்டு தடவை கெஞ்சினாள். திருடியின் பேச்சுக்கு யார் காது கொடுப்பார்கள்?

தை பிறந்தபோது துளிர்கள் கருகியிருந்தன. மாசியில் மொட்டைக் கிளைகள்தான் மிச்சம். ஒருநாள் காலை யாரும் பார்க்காதபோது கோமளா பட்டையை நகத்தால் கீறினாள். பால் வரவில்லை. கீழே இன்னொரு இடம், அடித்தண்டில் இன்னொரு இடம். எல்லாம் காய்ந்த விறகு. அப்படியே தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்டது அந்த மரம் ஒன்றுதான்.

சாயங்காலம் சுந்தரராஜுலு வழக்கம்போல வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் சேர்த்து வைத்திருந்த கடைசி இலைகள் அவர் கையில் இருந்தன. அன்று அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"நானே என் கையால ஒருநாள் தவறாம ஊத்தறனே கோமளா. அப்பறமும் ஏன் இப்படி ஆச்சு?"

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. மார்கழியிலேயே சொன்ன பதில். அன்று அதைச் சொன்னது மரத்தைக் காப்பாற்ற. இனி அதைச் சொன்னால், கொன்றது யார் கை என்று அவருக்குத் தெரிவதைத் தவிர வேறொன்றும் ஆகப்போவதில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தெரியலீங்க" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துவரப் போனாள்.