அராபாவின் படகில் கட்சிச் சாயம்

அராபா குமாசி நகரத்தில் புகைமீன் விற்றுவிட்டுத் தன் கடற்கரை ஊரான அபாமுக்குத் திரும்பியது செவ்வாய்க்கிழமை. ஊர் வழக்கப்படி யாரும் கடலுக்குப் போகாத நாள். படகுகளெல்லாம் மணலில் கிடந்தன. வண்டியை விட்டு இறங்கியதுமே மீன்காரி மான்ஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோகக்காரிடி நீ! கட்சி உனக்குப் படகு குடுத்திருக்காமே!"

அராபா கரைக்கு ஓடினாள். அவளுடைய மரப்படகுதான். முன்னிருந்து பின்வரை நீலம் அப்பி, மேலே வெள்ளையில் 'வேட்பாளரின் அன்பளிப்பு' என்று எழுதியிருந்தது. பதினோரு வருடம் புகையில் கண்ணெரிய மீன் சுட்டு வாங்கிய படகு அது. 'எவரும் தந்ததல்ல' என்று அவள் வைத்த பெயர் நீலத்துக்கடியில் போயிருந்தது.

சுக்கான் பிடிக்கும் தம்பி ஃபீஃபீ தலையைச் சொறிந்தான். "எழுத விட்டா மோட்டாருக்கு நாலு பீப்பாய் பெட்ரோல் தரேன்னாங்கக்கா. பெயின்ட்டுதானே, தேர்தல் முடிஞ்சா அழிச்சிக்கலாம்."

"ஊரே என்னைப் பிச்சைக்காரியாக்கிட்டுச் சிரிக்குது, தேர்தல் முடியட்டுங்கிறியா? இப்பவே அழிடா!"

மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். சரியாகக் காயாத சாயம் மரத்தின் வரிகளுக்குள் இறங்கியதுதான் மிச்சம். பிறகு ஆளுக்கொரு சுரண்டியை எடுத்து, மரம் பிய்யாமல் வரியோட்டமாகவே சுரண்டினார்கள். நீலம் வந்த இடத்தில் அவள் எழுதிய எழுத்தும் சேர்ந்தே உரிந்து விழுந்தது. அராபா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கட்சிக் கிளைச் செயலாளர் க்வான்சா மூன்று பேரோடு வந்தார். "அம்மா, இது கட்சியை அவமானப்படுத்துற வேலை. ஃபீஃபீ, அதைக் கீழ போடு. பெட்ரோல் வேணுமா வேணாமா?"

ஃபீஃபீ போட்டுவிட்டான்.

"அவமானமா? ஊரான் சொத்துல உங்க பேரை எழுதினீங்களே, அது என்ன மரியாதை? என் படகைத் தொட்டுப் பாருங்க, கை இருக்காது!" சுரண்டியை ஓங்கினாள். சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று கத்தினார்கள். க்வான்சா பின்வாங்கினார். அவர் பின்னாலேயே ஃபீஃபீயும் போனான்.

அதுதான் அவளைக் கொதிக்க வைத்தது. ஆறு நாள் தனியாகவே சுரண்டினாள், உள்ளங்கை உரிந்தது. படகு வெற்று மரமாய், வரிகளில் மட்டும் நீலம் ஒட்டிக்கொண்டு, வேறொரு சுக்கான்காரனுடன் கடலில் இறங்கியது.

தேர்தலில் வேட்பாளர் தோற்றார். பெட்ரோல் வரவேயில்லை. ஒரு விடியலில் ஃபீஃபீ வந்து நின்றான்.

"தப்புதாங்கக்கா."

"சுக்கானுக்கு ஆள் இருக்கு," என்றாள் அராபா, அவன் முகத்தைப் பாராமலே. "வலை இழுக்கத்தான் ஆள் வேணும். வரதுன்னா ஏறு."

அவன் ஏறினான். அவள் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. படகைத் தள்ளுகிறவர்களோடு சேர்ந்து, அவன் தடுமாறட்டுமென்று வேண்டுமென்றே பலமாகத் தள்ளினாள்.