விமலாராணியின் வலது கால்

ஊஞ்சக்காடு நகராட்சியின் முதல் மன்றக் கூட்டம் முடிந்து எல்லாரும் டீ குடிக்க எழுந்தபோது, உறுப்பினர்கள் அத்தனை பேருடைய சட்டைக் கைகளும் பக்கத்து நாற்காலிக்காரரின் சட்டைக் கையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. பெண் உறுப்பினர்களுக்கு ஜாக்கெட்டின் கை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பாகுபாடு அந்தத் தையலில் இல்லை. எழுந்து இழுபடும்வரை ஒருவருக்கும் தெரியாத அளவுக்குப் பொடித் தையல். கத்தரிக்கோல் வரும்வரை அவர்கள் அப்படியே நின்று, சாலைப் பணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். ஒன்பதாவது வார்டு விமலாராணி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அது தன் தையல் என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கந்தப்பனின் ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் அவள் இருபது வருடங்களுக்கு மேல் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மிஷினில் டைலர். சட்டையின் உடம்பு ஒரு பக்கமிருந்து வரும், கை இன்னொரு பக்கமிருந்து வரும். இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியது அவள் வேலை. ஒன்பதாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது யாரை நிறுத்தலாம் என்று கட்சிக்காரர்கள் கந்தப்பனைக் கேட்டார்கள். மிஷினை விட்டுத் தலை நிமிராத ஆளாகப் பார்த்து அவர் விமலாராணியின் பெயரைச் சொன்னார். கம்பெனி ஓட்டும் சர்ச் ஓட்டும் சேர்ந்து அவள் ஜெயித்தாள். கந்தப்பன் சேர்மன் ஆனார். அந்த மன்றத்தில் சாயப்பட்டறைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், அயர்ன் வண்டி வைத்திருந்தவர் என்று பாதிப் பேர் துணியால் பிழைத்து அரசியலுக்கு வந்தவர்கள். எதிர்க்கட்சித் தலைவர் நரசிம்மலு நூல் புரோக்கர்.

பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து விமலாராணியின் வலது கால் இல்லாத பெடலை அழுத்த ஆரம்பித்தது. நிற்கும்போது கால் சும்மா இருக்கும். உட்கார்ந்தால் போதும், பக்கத்திலிருப்பவர்கள் தைபட்டுப் போவார்கள். துடியலூர் பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் இருந்த ஒரு கல்லூரி மாணவன், இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத தக்காளி வியாபாரியோடு மார்க்கெட்டில் இறங்கினான். ஞாயிறு பூசையில் அவள் உட்கார்ந்திருக்க, சமாதானம் சொல்லிக் கைகொடுத்தவர்களின் சட்டைக் கைகள் விலகவில்லை. பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகளும் அதில் இருந்தார்கள். ஃபாதர் பெனடிக்ட் அவசரப்படாமல் பூசையை முடித்துவிட்டே கத்தரிக்கோல் கேட்டார். டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார். மதுக்கரை சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தங்கராஜ், தன் லுங்கி போர்வையோடு தைக்கப்பட்டிருப்பதை ஒரு காலையில் பார்த்துவிட்டு, "ராணி, நீ உக்காராத. நடந்துட்டே இரு" என்றார்.

அவளும் நடந்தாள். காலையில் நடந்தாள், உச்சி வெயிலில் நடந்தாள், சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் சந்துக்குமாக நடந்தாள். வார்டில் எந்தக் குழாயில் காற்று மட்டும் வருகிறது, எந்தச் சாக்கடை எந்த வீட்டு முன்னால் அடைக்கிறது என்பதெல்லாம் அவள் காலுக்குத் தெரிந்துபோனது. இப்படி ஒரு கவுன்சிலர் அமைந்ததில்லை என்று சனங்கள் சந்தோஷப்பட்டார்கள். உட்கார முடியாத தவிப்பு அவளுக்கு மட்டும்தான் தெரியும். உள்ளே ஒரு மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குத் துணி வேண்டியிருந்தது.

இரண்டாம் வருடம், நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அந்த இடத்தை வணிக வளாகத்துக்குக் குத்தகைக்கு விடுவது என்று ஒரு தீர்மானம் வந்தது. கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து, இடுப்பு வலியோடு நடந்தே போய்ச் சேருகிற ஆஸ்பத்திரி அது. ஆளுங்கட்சியிலேயே சிலருக்கு இதில் மனசில்லை. எதிர்க்கட்சி உட்கார்ந்து ஓட்டுப் போட்டால் தீர்மானம் தோற்றுவிடும். ஆகவே நரசிம்மலு ஆட்களோடு கோஷம் போட்டு வெளிநடப்பு செய்வது, எதிர்த்ததாகப் பேப்பரில் வந்துவிடும், மிச்சம் இருப்பவர்களை வைத்துத் தீர்மானத்தை நிறைவேற்றிக்கொள்வது என்று இரண்டு பக்கமும் பேசி முடித்திருந்தார்கள். இடைஞ்சல் ஒன்றே ஒன்று. கூட்டத்துக்கு முதல் நாள் காலை கந்தப்பன் விமலாராணியின் வீட்டுக்கு வந்தார். அவர் உட்கார்ந்த பிறகும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாமுங்க அம்மணி. காச்சல்னு சொல்லிப்போடுங்க."

"ஏனுங்க முதலாளி?"

"நீங்க இருந்தா அவங்க எப்படி எந்திரிச்சு வெளிய போவாங்க?" என்று சிரித்தார். டீயைக் குடித்து முடித்தார். "நம்ம கம்பெனியில உங்க பொண்ணு லின்சி நல்லா வேலை பண்ணுதுங்க. செக்கிங்ல இருந்து சூப்பர்வைசரா ஏத்தலாம்னு பாக்கறேன். பாத்துக்குங்க."

கார் போனதும் உள்ளேயிருந்து மகள் லின்சி வந்தாள். சூப்பர்வைசர் நாற்காலிக்கு அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"அம்மா, என்னைய நீ எங்க பெத்த?"

"அங்கதான் கண்ணு."

"அப்பறம் என்ன? போ. எனக்கு வேற கம்பெனி கெடைக்காதா?" சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. விமலாராணி சந்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

மறுநாள் அவள் போனாள். மன்றத்து வாசலில் கம்பெனிப் பெண்கள் கைக்குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். தன் நாற்காலியில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கப் பார்த்த காலை அவள் முதன்முறையாக ஓடச் சொன்னாள். கால் அசையவில்லை. பெடலை அழுத்துவதுபோல் வேண்டுமென்றே அழுத்தினாள். எங்கும் ஓர் இழை ஓடவில்லை. கந்தப்பன் தீர்மானத்தை வாசித்தார். நரசிம்மலு எழுந்து, "ஜனநாயகப் படுகொலை!" என்று கத்தியபடி மேடையைக் கடந்து கதவை நோக்கி நடந்தார். அவர் ஆட்கள் வரிசையாகப் பின்னால் வந்தார்கள். கதவு திறந்தது. மிஷினில் உட்கார்ந்த முதல் வாரம் கற்றுக்கொண்டது அப்போதுதான் விமலாராணிக்கு நினைவுக்கு வந்தது: கால் மோட்டாரை ஓட்டும், அவ்வளவுதான்; துணியைக் கைதான் கொடுக்க வேண்டும்.

எழுந்து ஓடி நரசிம்மலுவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஏனுங்க, விடுங்க!" என்று அவர் திமிறத் திமிற மேடைவரை இழுத்துவந்தாள். மறு கையால் கந்தப்பனின் சட்டைக் கையைப் பற்றினாள். மேடைப் படியில் உட்கார்ந்து, இரண்டு ஓரங்களையும் தன் ஜாக்கெட் கையின் இருபுறமும் சேர்த்து, சுருக்கம் நீவி, காலை அழுத்தினாள். தையல் அவர்கள் மூவரில் தொடங்கி, மேடையைச் சுற்றி, கதவோரம் நின்றவர்களைக் கோர்த்து, ஆளுங்கட்சி வரிசையைத் தாண்டி, மன்றம் முழுவதையும் ஒரு வட்டமாகச் சேர்த்து நின்றது.

"உறுப்பினர்கள் எல்லாரும் அவையிலதான் இருக்காங்க. ஓட்டுக்கு விடணும் சார்" என்று சேர்மனிடம் சொன்னார் நகராட்சி ஆணையாளர் அம்மா.

ஆதரிப்பவர்கள் கைதூக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் தன் கையைத் தூக்கப் பார்த்தார். வாசலில் ஒரு குழந்தை அழுதது. தாய்மார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஒருவரும் தூக்காததால், அத்தனை பேரின் பாரத்தில் அவர் கை மடியிலேயே கிடந்தது. எதிர்ப்பவர்கள் என்றபோது விமலாராணி தூக்கினாள். அவள் கையும் இடுப்புக்கு மேல் வரவில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் பாரம் குறைந்தது. இன்னோர் இடத்திலும் குறைந்தது. யார் தூக்குகிறார்கள், யார் கை தூக்கப்படுகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அந்தத் தைரியத்தில் வட்டம் முழுவதும் மேலே எழும்பியது. கந்தப்பனின் கையும் கூரையைப் பார்த்து நின்றது. தீர்மானம் ஒருமனதாகத் தோற்றது என்று ஆணையாளர் அம்மா பதிவு செய்தார்.

லின்சிக்கு அந்த வாரமே வேலை போனது. ஏழு மாதம் வீட்டில் இருந்துவிட்டு அவிநாசி ரோட்டில் வேறு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். சூப்பர்வைசராக இன்னும் ஆகவில்லை. கந்தப்பன் விமலாராணியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார், ஆனால் கூட்டங்களில் தைபட்டு அவள் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் கால் ஓயவில்லை. இப்போதும் அவள் வார்டுக்குள் நடந்துகொண்டேதான் இருக்கிறாள். அடுத்த தேர்தலிலும் நின்று ஜெயித்தாள். வெளிநடப்பு செய்ய நினைப்பவர்கள் கூட்டத்துக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள்.

போன மாதம் இடைத்தேர்தலில் வென்ற ஓர் இளைஞன், பதவியேற்புக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கடைவீதி டைலரிடம் போனான். அவர் தோளை அளந்தார், கையை அளந்தார், எதற்கென்று கேட்டார். கவுன்சிலருக்கு என்றதும் டேப்பை மறுபடி வைத்தார்.

"அப்ப ரெண்டு கையிலயும் ஓரத்துல அரை இஞ்சு சேத்து விட்டுடறனுங்க தம்பி. பிரிச்சுப் பிரிச்சுத் துணி வீணாப் போயிருமுங்க" என்றார்.

இளைஞன் சரிங்க என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்வதாகக் கிளம்பினான்.